சரிவுச் சாலையில் சீமாட்டி

அன்புத் தம்பி குச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீ விட்டுவிட்டுப் போன சவாரிக் கால்சட்டையை நான்தான் போட்டுக்கொண்டிருந்தேன். இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். நேற்று அங்கவடியில் காலை வைத்து ஏறும்போது பின்பக்கம் டர்ரென்று ஒரு சத்தம். தீவனம் இறக்க வந்த வண்டிக்காரரும் முதலாளியம்மாவும் அந்த நேரம் பார்த்து அங்கேதான் நிற்க வேண்டுமா. ஒன்றும் நடக்காத மாதிரி ஒரு சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு லாயத்துக்குள்ளேயே சவாரியை முடித்தேன். உன் இடுப்பு குச்சி இடுப்பு. அதற்கு நான் பொறுப்பில்லை.

லாயத்தில் சாணி அள்ளுகிற அக்காவுக்குச் சவாரி எதற்கு என்று கேட்பாய். போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் 'ம்' என்கிறாய், நான் பேசி முடித்ததும் இன்னொரு 'ம்'. கடிதத்தில் குறுக்கே 'ம்' போட முடியாது. அதனால்தான் பேனாவைப் பிடித்தேன். நான் பள்ளிக்கூடம் போன லட்சணம் உனக்குத் தெரியும், பிழை இருந்தால் சிரித்துக்கொள். சிரித்தால் எனக்கு லாபம்தான்.

விஷயம் நம் குதிரை சீமாட்டியைப் பற்றி. நீ விழுந்த நாளிலிருந்து அவள் வாசலைத் தாண்டுவதில்லை. லாயத்துக்குள் மகாராணிதான். வாசல் கதவைக் கண்டால் போதும், கண்ணில் வெள்ளை தெரிகிறது, தோல் முழுக்க நடுங்குகிறது, பின்பக்கமாகவே நடந்து வந்து என் காலை மிதிக்கிறாள். புதிதாக வந்த சவாரிக்காரர்கள் ஒவ்வொருவராக ஏறிப் பார்த்துவிட்டு, வேறு குதிரை கொடுங்கள் என்று இறங்கிவிட்டார்கள். சவாரித் திடல் சாலைக்கு அந்தப் பக்கம். சாலையைத் தாண்டாத குதிரையை வைத்துக்கொண்டு சவாரிப் பள்ளி என்ன செய்யும்? முதலாளியம்மா சொன்னது இது: "தின்னுட்டு சும்மா நிக்க எனக்கு ஏற்கெனவே வீட்டுல ஒருத்தர் இருக்கார். அவரே போதும்."

குதிரைத் தரகர் வந்து அவள் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் கைக்குப் போனால் செங்கல் சூளை வண்டி. சூளைக்கு அப்புறம் எங்கே என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை விட்டுப் பிள்ளைகள் சவாரி வகுப்புக்குத் திரும்பும் வரை பார்ப்பதாக முதலாளியம்மா சொன்னார். யார் பழக்குவது என்று கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் பாத்துக்கறேன் என்று ஒரு குரல் கேட்டது. யாரடா அந்த வாய்க்கொழுப்புப் பிடித்தவள் என்று திரும்பிப் பார்த்தேன். நான்தான்.

அன்றிலிருந்து உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. விடிந்ததும் எல்லாக் கொட்டடியும் கழுவ வேண்டும், அதற்கப்புறம் இவள், அதற்கப்புறம் வீடு. முட்டி இரண்டும் மாடிப்படி ஏறும்போது ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அத்தான் தைலம் தேய்த்துவிடுகிறார். அவரும் இப்போது லாயத்து வாசலில் போகிற சரிவுச் சாலையில் பேருந்து ஓட்டுவதில்லை, வழித்தடத்தை மாற்றி வாங்கிக்கொண்டார். அந்தப் பக்கம் ரோடு அகலம், கைக்கு சுகம் என்கிறார். இந்த வயதில் சுகம் தேடுகிறார் பார் என்று நானும் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவருடைய வண்டிக்கு மிரண்டுதானே அவள் உன்னைத் தூக்கிப் போட்டாள். யார் மேலும் தப்பில்லை என்று ஆஸ்பத்திரியிலேயே எல்லோரும் சொல்லிவிட்டோம். கால் கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தோம். அத்தான் குளித்துவிட்டு வருவதற்குள் நீ பையை எடுத்துக்கொண்டு போயே விட்டாய்.

கால் எப்படி இருக்கிறது? ஈரத்துக்கு வலிக்கிறதா? அந்தக் குடோனில் எடை போடுகிற வேலையாவது உட்கார்ந்து செய்கிற வேலையா? நேரத்துக்குச் சாப்பிடு. குச்சி இன்னும் இளைத்தால் ஈர்க்குச்சி ஆகிவிடும்.

இப்படிக்கு,
உன் கால்சட்டையைக் கிழித்த
அக்கா

* * *

அன்புத் தம்பிக்கு,

உன் பதில் வந்தது. 'நலம். வேலை அதிகம். நீ ஏற வேண்டாம்.' போனில் ஒரு 'ம்' மட்டும்தான் இருந்தது. இந்த வேகத்தில் போனால் நான் கிழவியாவதற்குள் ஒரு பக்கம் எழுதிவிடுவாய்.

ஏற வேண்டாம் என்கிறாய். லாயத்துக்குள் ஏறினதோடு சரி, வாசல் பக்கம் போகும்போது ஏறவே இல்லையடா. கையில் பிடித்து வாசல் பக்கம் நடத்திப் போவேன். அவள் தலையைத் தூக்கி மூக்கை விரிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடுவேன். பயம் வந்த பிறகு திரும்பினால் பயந்ததால்தான் தப்பித்தோம் என்று நினைத்துக்கொள்கிறாள். வருவதற்கு முன்னால் நின்றுவிட்டால், பயப்பட ஒன்றுமே இல்லாத இடத்துக்குப் போய்விட்டு வந்தோம் என்று ஆகிறது. நிற்போம். தோளுக்கு மேலே பிடரி முடிகிற இடத்தைச் சொறிந்துகொடுப்பேன். மெல்லத் தலை தாழும், வெறும் வாயை மெல்லுவாள், ஒரு பெருமூச்சு வரும். உடனே வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். அவ்வளவுதான் அன்றைய பாடம்.

மறுநாள் அதே இடம், இல்லையென்றால் ஓரடி கூடுதல். சில நாள் ஓரடி குறைவு. பார்க்கிறவர்களுக்கு வேலைவெட்டி இல்லாத இரண்டு பெண்கள் காற்று வாங்குகிற மாதிரி இருக்கும். தீவன வண்டிக்காரர் ஒரு நாள் நிறுத்தி, "என்னக்கா, ரெண்டு பேரும் பஸ்ஸுக்கா நிக்கிறீங்க?" என்று கேட்டார். நன்றாகத் திட்டி அனுப்பினேன். ஆனால் அவர் கேட்டதும் சரிதானே என்று அப்புறம் தோன்றியது. அவளுக்குப் பேருந்துதான் பயமென்றால் பேருந்தைத்தானே காட்ட வேண்டும். அதற்கு வீட்டிலேயே ஒரு பேருந்துக்காரர் இருக்கிறாரே.

அத்தானிடம் கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "குதிரைக்குத்தான் பயம்னு நெனச்சேன், உங்களுக்குமா?" என்று குத்திவிட்டேன். எதற்கும் கோபப்படாத மனிதர், எழுந்து கை கழுவப் போய்விட்டார். விடுவேனா. கேட்டுக் கேட்டு, அடுத்த லீவு நாளில் சரி என்றார்.

லாயத்தின் பின்வேலிக் கதவைத் திறந்தால் பேருந்து டிப்போவின் காலி இடம் அல்லவா. அங்கே பழுதுபார்த்து முடித்த வண்டி ஒன்றை ஓட்டிப் பார்ப்பதற்காக நிறுத்தியிருந்தார்கள். முதல் தடவை இன்ஜினை நிறுத்திவிட்டுத் தூரத்தில் காட்டினோம். புல் தின்றுகொண்டே பார்த்தாள். அடுத்த லீவு நாளில் கொஞ்சம் கிட்டே. அதற்கடுத்து இன்ஜினை ஓடவிட்டு. நடுங்கப் போகிறாள் என்று நான் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அவள் நேராகப் போய் முன்பக்கத்து விளக்கை நக்குகிறாள். அத்தான் அப்போதுதான் துடைத்து வைத்திருந்தார். வண்டி தடதடவென்று ஆடுகிறது, இவள் பக்கவாட்டில் உடம்பைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடுகிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு நாளாக எதற்கடி என்னை மிதித்தாய் என்று கேட்டேன்.

போன லீவு நாளில் வண்டி பக்கத்திலேயே துணிந்து ஏறினேன். ஓடுகிற இன்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்தோம். பூனைக்குட்டி மாதிரி நடந்தாள். இதோடு போதும் என்று வண்டிக்கு முதுகைக் காட்டி வீட்டுப் பக்கம் திருப்பினேன். சத்தத்துக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம், சும்மா பின்னாலேயே மெதுவாக வரலாம் என்று அத்தான் நினைத்திருக்கிறார். அந்த இடம் சரிவு. இன்ஜினை அடக்கி, நியூட்ரலில் போட்டு, உருட்டிக்கொண்டே வந்திருக்கிறார். கிட்டே வந்ததும் பிரேக்கைத் தொட்டார். காற்று புஸ்ஸென்றது.

நான் மேலே இருந்தேன். அப்புறம் கீழே இருந்தேன். நடுவில் என்ன நடந்தது என்று சீமாட்டியைத்தான் கேட்க வேண்டும், அவள் அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். எனக்கு எலும்பு ஒன்றும் உடையவில்லை, இடுப்பு மட்டும் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது. பயப்படாதே.

அத்தான் ஓடி வந்து என்னைத் தூக்குவார் என்று பார்த்தால், மனிதர் பேருந்தின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நானே எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, இப்படியா திருடன் மாதிரி வருவது என்று கத்திக்கொண்டே போனேன். அப்போதுதான் சொன்னார். "அன்னைக்கும் இப்படித்தான் வந்தேன்."

நீ அவள்மேல் போவதை எப்போது பார்த்தாலும் அவர் அப்படித்தான் செய்வாராம். குதிரை மிரளக்கூடாது, நம் பிள்ளை மேலே இருக்கிறான் என்று, சரிவின் உச்சியிலேயே இன்ஜினை அடக்கிவிட்டு உருண்டே வருவாராம். மற்ற நாளெல்லாம் நீ எதிரே வந்திருக்கிறாய், அவள் கண்ணால் பார்த்துவிட்டாள். அன்று நீ முன்னால் போய்க்கொண்டிருந்தாய். குதிரைக்கு நேர் பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியாதே. காதுக்கும் சத்தம் வரவில்லை. ஒன்றுமே இல்லாத இடத்தில் திடீரென்று ஒரு வீடு அளவுக்கு என்னவோ வந்து புஸ்ஸென்றால் நானே உன்னைத் தூக்கிப் போட்டிருப்பேன்.

"நல்லதுன்னுதான் செஞ்சேன்," என்று சொல்லிவிட்டு அத்தான் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். இவ்வளவு நாளும் இதை மனதில் வைத்துக்கொண்டா எனக்குத் தைலம் தேய்த்தார் என்று நினைத்தேன்.

இதை உனக்கு எழுது என்று அவர் சொல்லவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை. அதனால் எழுதிவிட்டேன். நீ எப்படி எடுத்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. களைப்பாக இருக்கிறது, படுக்கப் போகிறேன். ஒரு பக்கமாகத்தான் படுக்க முடிகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அக்கா

* * *

அன்புத் தம்பிக்கு,

இந்தத் தடவை 'நலம்' கூட வரவில்லை. தபால்காரர் நம் தெருவுக்கு வந்தாலே நான் துடைப்பத்தோடு வாசலில் நிற்கிறேன். என்னம்மா எப்பப் பாத்தாலும் பெருக்கறீங்க என்கிறார். இந்தத் தெருவில் எங்கள் வாசல்தான் சுத்தம். அந்தப் புண்ணியம் உனக்கு.

அத்தானும் கேட்கிறார். நேரடியாகக் கேட்க மாட்டார். "யாராவது வந்தாங்களா?" என்பார். யாரும் வரவில்லை என்றால் சட்டையைக் கழற்றி மாட்டுவார். உனக்கு எழுத அவரும் உட்கார்ந்தார். 'தம்பிக்கு' என்று எழுதினார். அதற்கப்புறம் பேனாவில் மை இல்லை என்றார், வெளிச்சம் போதவில்லை என்றார், கடைசியில் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார். அதை நான் பார்க்காமல் துவைத்துவிட்டேன். அதில் இருந்ததே ஒரு சொல்தான், அதுவும் போயிற்று.

சரி, சீமாட்டி கதைக்கு வருகிறேன். அவளுக்குப் பேருந்து பயமில்லை, சொல்லாமல் வருகிற பேருந்துதான் பயம் என்று தெரிந்ததும் பாடத்தையே மாற்றிவிட்டோம். அத்தான் பழைய வழித்தடத்தையே திரும்பக் கேட்டு வாங்கினார். டிப்போவில், அகலமான ரோடு அதற்குள் அலுத்துப் போச்சா என்று கேட்டார்களாம். இப்போது வளைவிலேயே ஹாரனை ஒரு தட்டுத் தட்டுவார். கியரிலேயே, இன்ஜின் உறும உறும, ஒதுங்கி வருவார். நான் இவளை வாசலுக்கு உள்ளே நிறுத்தி, அதைக் கேட்க விடுவேன். முதல் நாட்களில் நடுங்கினாள். அப்புறம் காது மட்டும் பின்னால் திரும்பியது. அப்புறம் வாசலுக்கு வெளியே நின்றோம். அப்புறம் சாலை ஓரத்தில் நடந்தோம். எழுதும்போது இரண்டு வரியில் முடிகிறது. செய்யும்போது தினம் ஈரத்தில் நின்று நின்று என் கால் விரல்களெல்லாம் ஊறிய பயறு மாதிரி ஆகிவிட்டன.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். வண்டி வருகிற நேரத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் அவளும் கட்டை மாதிரி ஆகிவிடுகிறாள். நான் எதையாவது வளவளவென்று பேசிக்கொண்டே இருந்தால் நடக்கிறாள். இந்த வாயை யாரும் இதுவரை நல்லது என்று சொன்னதில்லை, அவளுக்கு மட்டும் பிடித்திருக்கிறது. என்ன பேசுவது என்று தெரியாமல் உன்னைத்தான் திட்டிக்கொண்டு போகிறேன். பையை எடுத்துக்கொண்டு ஓடினது, போன் எடுக்காதது எல்லாம் அவளுக்கு மனப்பாடம். சில நாள் திட்டிக்கொண்டே போகையில் மூக்கைச் சிந்தப் பேச்சை நிறுத்துவேன். உடனே அவளும் நின்றுவிடுவாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பேன்.

மழை விட்டுவிட்டது. பிள்ளைகள் வருவதற்கு முந்தைய நாள் முதலாளியம்மா குடையை ஊன்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். தரகரையும் வரச் சொல்லியிருந்தார். நான் ஏறினேன், சரியாகவே இருந்த கடிவாள வாரை இன்னொரு தடவை சரி பண்ணினேன். வெளியே வந்து சாலை ஓரமாகச் சரிவில் இறங்கினோம். அத்தானின் வண்டி அப்போது பின்னால்தான் வர வேண்டும். வளைவில் ஹாரன் கேட்டது. அவள் காது திரும்பியது. நான் உன்னைத் திட்ட ஆரம்பித்தேன். இன்ஜின் சத்தம் கிட்டே கிட்டே வந்து, பக்கத்தில் வந்து, சன்னல் சன்னலாக எங்களைக் கடந்தது. ஒரு இடத்தில் அவள் நின்றாள். நான் திட்டுவதை நிறுத்தவில்லை. நின்று, ஒரு மூச்சு விட்டு, நடந்தாள். சாலையைத் தாண்டித் திடலுக்குப் போய், ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பி வந்தோம்.

முதலாளியம்மா தரகரைப் பார்த்து, "நீங்க வேற எடத்துல பாருங்க," என்றார். என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார், கொஞ்சம் வலித்தது. சந்தோஷப்படலாம் என்று தீவனப் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன், தெம்பு வரவில்லை. சீமாட்டி என் தலை முடியில் இருந்த வைக்கோலைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள்.

தம்பி, உன்னைச் சவாரிக்குக் கூப்பிடவில்லை. குதிரைப் பக்கமே வராவிட்டாலும் போகிறது. நீ உடைந்த காலோடு அங்கே பேசாமல் இருக்கிறாய், அவர் இங்கே பேசாமல் இருக்கிறார், நடுவில் நான் ஒருத்தி எவ்வளவு நாள்தான் கத்துவேன்? எனக்கும் வயதாகிறதடா. ஒரு நாள் போனை எடுத்து அவரைத் திட்டு. வாய்க்கு வந்தபடி திட்டு. ஏன்யா அப்படிப் பூனை மாதிரி வந்தீங்க என்று கேள். அவர் தாங்கிக்கொள்வார், நான் பக்கத்தில் இருப்பேன். திட்டத் தெரியாவிட்டால் அந்த 'ம்'மையாவது சொல், ஆனால் அவர் காதில் சொல். சாயங்காலம் அவர் வீட்டில்தான் இருப்பார். போன் மணி அடித்தால் நான் அடுப்படியில் இருந்துகொள்கிறேன்.

நீ எங்கே இருந்தாலும் நல்லா இரு. கால் வலிக்காமல் இருக்கட்டும். வயிறு நிறையட்டும். கதவு திறந்தே இருக்கிறது, வரும்போது சத்தம் போட்டுக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் அக்கா

பின் குறிப்பு: ஒன்றை விட்டுவிட்டேன். அன்று எங்களைக் கடந்து போனதும் அத்தான் சாலையைப் பார்க்காமல் கண்ணாடியில் சீமாட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டு போயிருக்கிறார். பேருந்து மெதுவாகப் போய், திடல் வாசலில் நிற்கிற லாயத்தின் பெயர்ப்பலகையில் மோதிப் பலகை படாரென்று சாய்ந்தது. சீமாட்டி காதை மட்டும் ஆட்டினாள். குதித்தது தரகர்தான். அடுத்த லீவு நாளில் அத்தானே குழி தோண்டி, பலகையை நிமிர்த்தி, சிமெண்ட் போட்டுக் கெட்டியாக நட்டார். எழுத்து இருக்கிற பக்கம் திடலைப் பார்த்து இருக்கிறது. சாலையில் போகிறவர்களுக்கு வெறும் தகரம் தெரிகிறது. சிமெண்ட் காய்ந்துவிட்டது.